ஊமத்தைப் புகையும் பனியன் பஞ்சும்: இழுப்பு நோயின் இருநூறு வருடக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

ஐப்பசி பிறந்து மழையும் பனியும் மாறி மாறி வர ஆரம்பித்தால் காதர்பேட்டைச் சந்துகளில் இருமல் சத்தம் கூடிவிடும். இந்த நோய்க்கு நம்மிடம் பல பெயர்கள் உண்டு. பாட்டிகள் ‘இழுப்பு’ என்பார்கள். சித்த வைத்தியர்கள் ‘இரைப்பு’ என்பார்கள். பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு அது ‘வீசிங்’. டாக்டர் சீட்டில் ‘ஆஸ்துமா’ என்று இருக்கும். மூச்சு வாங்குவதைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் அது.

முதலில் ஒரு கணக்கு. இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருப்பதாக 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது சுமார் 13 சதவீதம். ஆனால் உலகில் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் நம் நாட்டினர். நூற்றுக்குப் பதின்மூன்று நோயாளிகள், நூற்றுக்கு நாற்பத்திரண்டு சாவு. கணக்கு இடிக்கிறதல்லவா?

மருந்து கிடைக்காத நாடு இல்லை இது. இந்த நோய்க்கான இன்ஹேலர்களை நாமே செய்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறோம். பிறகு ஏன் இப்படி? வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அந்த வரலாற்றில் நம் மெட்ராசும் வருகிறது, நம் பஞ்சும் வருகிறது.

மெட்ராசிலிருந்து போன புகை

1800-ஐ ஒட்டிய வருடங்களில் மெட்ராசில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். செடி கொடி என்றால் அவருக்கு உயிர். சிவப்புச் சாயம் தரும் கொச்சினில் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டவர். சாயத்தொழில் ஊர்க்காரர்கள் நாம் அவரை அதற்காகவே நினைவில் வைக்கலாம்.

நம் மக்கள் மூச்சு இழுப்புக்கு ஊமத்தைச் செடியைக் காயவைத்து அதன் புகையைப் பிடிக்கும் வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவரும் நோயாளிகளுக்குச் சொன்னார். 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி அந்த வைத்தியத்தை மெட்ராசிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டு போனார். அங்கே நம் ஊர் ஊமத்தை எளிதில் கிடைக்காது. அதனால் அங்கு வளர்ந்த இன்னொரு வகை ஊமத்தையைப் பயன்படுத்தினார்கள். அது பரவி, ‘ஆஸ்துமா சிகரெட்’ என்ற பெயரில் ஐரோப்பா, அமெரிக்கா மருந்துக்கடைகளில் நூறு வருடத்துக்கு மேல் விற்றது. ஆஸ்துமாவுக்கு சிகரெட்டா என்று இன்று சிரிப்போம். அன்று டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் புகை வேலை செய்யாமலும் இல்லை. ஊமத்தையில் அட்ரோபின் போன்ற வேதிப்பொருள்கள் உண்டு. அவை இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். ஆனால் ஊமத்தை விஷச்செடி என்பது கிராமத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அளவு கொஞ்சம் கூடினால் புத்தி பேதலிக்கும், உயிரே போகும். ஆகவே யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். பின்னாளில் விஞ்ஞானிகள் அட்ரோபினை மாற்றியமைத்து இப்ராட்ரோபியம் என்ற மருந்தைச் செய்தார்கள். கடுமையான இழுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனால் நெபுலைசரில் கலந்து வைக்கிறார்களே, அதில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். ஊமத்தையின் பேரப்பிள்ளை அது.

நம் ஊர் ஆடாதொடைக்கும் இப்படி ஒரு பேரப்பிள்ளை உண்டு. அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து 1960-களில் வந்தது. பாட்டி வைத்தியத்தை நான் இளக்காரமாகப் பேசுவதில்லை. ஆனால் இந்த இரண்டுமே வந்த தொல்லையைத் தணிக்கும் மருந்துகள். வராமல் தடுக்கும் மருந்துகள் இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் மையமே அதுதான்.

ஓர் அப்பா, ஒரு மகன்

அந்த ஊமத்தைப் புகையை வாழ்நாளெல்லாம் நம்பியிருந்தவர்களில் ஒருவர் மார்செல் புரூஸ்ட். பிரெஞ்சு மொழியின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர். 1871-ல் பிறந்தவர். சுமார் ஒன்பது வயதில் முதல் இழுப்பு வந்தது. தூசியும் சத்தமும் உள்ளே வராமலிருக்க அறைச் சுவரெல்லாம் தக்கைப் பலகை அடித்து, ஜன்னலை மூடி, ஊமத்தை கலந்த பொடியைக் கொளுத்தி அந்தப் புகைக்குள் உட்கார்ந்து ஏழு பாக நாவலை எழுதினார். 1922-ல், 51 வயதில், நிமோனியாவில் இறந்தார்.

அவருடைய அப்பா அட்ரியன் புரூஸ்ட் பாரிசில் பெயர் பெற்ற பொதுச் சுகாதார மருத்துவர். பஞ்சுத் தூசியால் ஆலைத் தொழிலாளிகளுக்கு வரும் மூச்சு நோய்க்கு 1877-ல் ‘பிசினோசிஸ்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். ‘பிசோஸ்’ என்றால் பழைய கிரேக்கத்தில் மெல்லிய துணி. பஞ்சால் நெஞ்சு அடைக்கும் நோய்க்கு அப்பா பெயர் வைத்தார். மகன் வேறொரு நெஞ்சு நோயோடு வாழ்ந்தார். திருப்பூரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஏனென்றால் இந்த இரண்டு நோயும் நம் ஊரில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கின்றன.

தூசியால் வரும் நோய் புதிதாகக் கண்டது இல்லை. 1700-லேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி, தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் மற்ற கேள்விகளோடு ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். 1831-ல் மான்செஸ்டரில் கே என்ற மருத்துவர் நூற்பாலைக்காரர்களின் நெஞ்சு நோயை எழுதி வைத்தார். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் அதன் அடையாளத்தைத் தெளிவாக வகுத்தார். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதன் என்று போகப் போகக் குறையும். வருடங்கள் ஓடினால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். கழுவாத பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சு இதற்கு முக்கியக் காரணம் என்று பின்னால் கண்டார்கள்.

அட்ரியன் புரூஸ்ட் பெயர் வைத்த பதினோராம் வருடம், 1888-ல், கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. அதன் பிறகு நம் பக்கத்தில் எத்தனை மில்கள், எத்தனை தலைமுறைகள்! மில்லுக்குப் போன பெரியவர்கள் வீட்டில் இருந்தால் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அணைப்பது வேறு, தடுப்பது வேறு

இனி ஆஸ்துமா மருந்தின் கதைக்கு வருவோம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி சேர்ந்து அடைக்கிறது. இழுப்பு இல்லாத நாளிலும் அந்த வீக்கம் உள்ளுக்குள் நீறுபூத்த நெருப்பாக இருக்கும். தூசி, புகை, குளிர் காற்று, சளிக்காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று பட்டதும் பற்றிக்கொள்கிறது. துணிக்கடைக்காரர்கள் நிறைந்த காதர்பேட்டைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீயை அணைப்பது ஒரு வேலை. தீப்பிடிக்காமல் பார்ப்பது இன்னொரு வேலை.

மருத்துவம் பல காலமாக அணைக்கும் வேலையை மட்டுமே செய்தது. ஊமத்தைப் புகை அதுதான். தானும் ஆஸ்துமா நோயாளியான ஹைட் சால்ட்டர் என்ற இங்கிலாந்து மருத்துவர் 1860-ல் எழுதிய புத்தகத்தில் கெட்டியான கருப்புக் காபியைச் சிபாரிசு செய்தார். அதுவும் அதுதான். காபியில் இருக்கும் கஃபீனின் நெருங்கிய உறவு தியோஃபிலின். 1888-ல் தேயிலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம்மில் பலர் சின்ன வயதில் போட்டுக்கொண்ட டெரிஃபிலின் ஊசி அந்தக் குடும்பம்.

1955-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. முடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். அடுத்த வருடம், 1956-ல், கையடக்க இன்ஹேலர் கடைக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கேள்வியில் பிறந்த கருவி அது. வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையை நாம் அதட்டக் கூடாது என்பதற்கும் இது பாடம்.

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1960-களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் ஆஸ்துமாச் சாவு திடீரென்று ஏறியது. இங்கிலாந்தில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் பல மடங்கு கூடியது. அன்றைய உடனடி நிவாரண இன்ஹேலரை, அதிலும் அதிகச் சக்தி கொண்டதை, அடிக்க அடிக்க நன்றாக இருக்கிறதே என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மூச்சு கொஞ்சம் லேசானதால் டாக்டரிடம் போவது தள்ளிப்போனது. உள்ளே வீக்கம் முற்றியது. எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் சாவு இறங்கியது.

1969-ல் பாதுகாப்பான சால்பியூட்டமால் வந்தது. நம் ஊரில் பலர் பையில் வைத்திருக்கும் நீல இன்ஹேலர் பெரும்பாலும் இதுதான். சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும். நான்கைந்து மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடாது. மூன்று வருடம் கழித்து, 1972-ல், பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இன்ஹேலரில் வந்தது. தீப்பிடிக்காமல் பார்க்கும் மருந்து அது. தினமும் எடுத்தால் சில நாட்களில், சில வாரங்களில் வீக்கம் தணியும். அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. அதுதான் அதன் துரதிர்ஷ்டம்! உடனே சுகம் தருவதை நம்புகிறோம். சத்தமில்லாமல் காப்பாற்றுவதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. முந்தைய ஒரு வருடத்தில் ஒருவர் எத்தனை ஸ்டீராய்டு இன்ஹேலர் குப்பிகளைப் பயன்படுத்தினார் என்று எண்ணினார்கள். கூடுதலான ஒவ்வொரு குப்பிக்கும் ஆஸ்துமாச் சாவு விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. பின்லாந்து நாடு 1994-லிருந்து 2004 வரை பத்து வருடத் திட்டம் போட்டது. ஊர் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து, தடுப்பு மருந்தை ஆரம்பத்திலேயே தொடங்க வைத்தார்கள். ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்கள் பாதிக்கும் கீழே போயின. 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்து வைத்தியம் செய்வதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றே சொல்லிவிட்டது.

முதலில் சொன்ன 13-க்கும் 42-க்கும் உள்ள இடைவெளியின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. நாம் இன்னும் அணைக்கும் மருந்தோடு நிற்கிறோம். ‘இன்ஹேலர் பழகிடும்’, ‘பொண்ணுக்கு வீசிங்னு தெரிஞ்சா மாப்பிள்ளை கிடைக்காது’, ‘ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும்’ என்று பேசுகிறோம். இன்ஹேலர் அடிமையாக்குவதில்லை. மாத்திரையிலும் ஊசியிலும் போகும் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டால் இன்ஹேலரில் போவது மிகச் சிறிய அளவு. நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அடிக்கடி ஊசி போட்டுக்கொள்பவர்தான் அதிக ஸ்டீராய்டை உடம்பில் ஏற்றுகிறார்.

தூசியையும் தடுக்கலாம்

மருந்து பாதிக் கதை. மறுபாதி காற்றில் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் 1981-லிருந்து 1987 வரை 26 தடவை ஒரே நாளில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தேடிப் பார்த்தால், துறைமுகத்தில் கப்பலிலிருந்து சோயா இறக்கிய நாட்கள் அவை. சேமிப்புக் கிடங்கில் வடிகட்டி இல்லாததால் தூசி ஊர் முழுக்கப் பறந்திருக்கிறது. வடிகட்டி மாட்டினார்கள். அந்தத் தொல்லை நின்றது.

பஞ்சிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1978-ல் பஞ்சுத் தூசிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வைத்தார்கள். நூல் தயாரிக்கும் இடத்தில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 200 மைக்ரோகிராம். ஆலை முதலாளிகள் சங்கம் செலவு கட்டுப்படியாகாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981-ல் நீதிமன்றம் தொழிலாளியின் நெஞ்சுப் பக்கம் நின்றது. அதன் பிறகு அங்கே பிசினோசிஸ் வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டிலும் சட்டத்தில் பஞ்சுத் தூசி நோய், தொழில்நோயாக எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில் இருக்கிறது. கேட்கிறவர்கள்தான் குறைவு.

நூற்பாலை அளவுக்கு பனியன் கம்பெனியில் தூசி கிடையாது என்பது உண்மை. ஆனால் நிட்டிங் மெஷின் மேல் வெள்ளையாகப் படியும் பஞ்சு, கட்டிங் டேபிள், ஓவர்லாக்கில் பறக்கும் துகள், கம்ப்ரசர் காற்றால் மெஷினை ஊதிச் சுத்தம் செய்வது, பனியன் வேஸ்ட் பிரிக்கும் குடோன் எல்லாம் நாம் பார்ப்பதுதான். சாயப்பட்டறையில் ரியாக்டிவ் சாயப்பொடியைக் கையாள்பவர்களில் சிலருக்கு அந்தப் பொடியாலேயே ஆஸ்துமா வருவதும் மருத்துவம் ஏற்றுக்கொண்ட விஷயம்.

போன வருடம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். செக்கிங் வேலை, இரண்டு பிள்ளைகள். “ராத்திரி தூங்க முடியறதில்லைங்க டீச்சர். லீவு நாள்ல நல்லாத்தான் இருக்குது. வேலைய விட்டறலாமானு இருக்குதுங்க, விட்டா சோத்துக்கு என்னங்க பண்றது?” என்றாள். கூட வேலை செய்பவர்கள் வாழைப்பழமும் வெல்லமும் தின்னச் சொன்னார்களாம், பஞ்சு வயிற்றோடு போய்விடும் என்று. உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு என்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடத்தையே மறுபடி சொன்னேன். லீவு நாளில் நன்றாக இருக்கிறது என்ற அந்த ஒரு வரியை டாக்டரிடம் கட்டாயம் சொல்லு என்றேன். ராமசினி 1700-ல் கேட்கச் சொன்ன கேள்விக்கான பதில் அது. இப்போது அவள் தினமும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறாள். சூப்பர்வைசரிடம் பேசி, மெஷினை ஊதும் இடத்திலிருந்து தள்ளி உட்கார்கிறாள். முழுக்கக் குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி தூங்குகிறாள்.

அவளைப் போன்றவர்களுக்காக, இந்த வரலாறு சொல்லித் தரும் பாடங்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. நீல இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டாலோ, ராத்திரியில் இழுப்பு எழுப்பினாலோ, நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். டாக்டரைப் பாருங்கள். தடுப்பு இன்ஹேலரை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், நன்றாக இருக்கும்போதும்கூட.

2. ஸ்பேசர் வைத்து அடித்தால் மருந்து தொண்டையில் ஒட்டாமல் உள்ளே போகும். வாங்க வசதியில்லாவிட்டால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டு, இடைவெளியை அடைத்துப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்து, 1999-ல் வெளியிட்ட முறை இது. ஸ்டீராய்டு எடுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

3. ஒரு நோட்டில் வேலை நாள், லீவு நாள் இரண்டிலும் மூச்சு எப்படி இருந்தது என்று ஒரு மாதம் எழுதுங்கள். திங்கட்கிழமையைத் தனியாகக் குறியுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

4. வீட்டில் கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, பீடி, சிகரெட் வேண்டாம். போர்வை, தலையணை உறையைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். பனியன் வேஸ்ட் அடைத்த பழைய தலையணை இருந்தால் மாற்றுங்கள்.

5. கம்பெனி நடத்தும் தம்பிகளுக்கு: காற்றால் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சும் மெஷின், காய்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துடைப்பு, எக்சாஸ்ட் ஃபேன், சாயப்பொடி எடுப்பவருக்கு நல்ல மாஸ்க். ஒரு ஆள் நின்றுபோனால் ஆகும் நஷ்டத்தை விட இது குறைவு.

6. இழுப்பு வந்துவிட்டால் படுக்க வைக்காதீர்கள். நேராக உட்கார வைத்து, நீல இன்ஹேலரை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நான்கு தடவை கொடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மறுபடி நான்கு கொடுத்து, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் போனால், உதடு நீலமானால், விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தால், ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இரைச்சல் சத்தம் திடீரென்று நின்று ஆள் சோர்ந்தால் அது குணம் இல்லை, பெரிய ஆபத்து.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் யாருக்கு வீசிங் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலரைப் பிடுங்கி மேசையில் பூட்டி வைக்காமல் பிள்ளையின் பையிலேயே விடுங்கள்.

காதர்பேட்டையில் ஒரு குடும்பத்துக்காவது இது போய்ச் சேர வேண்டும். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து, ஆறாவது எண்ணை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள்; எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மருந்து விஷயத்தை டாக்டரிடம் கேளுங்கள்.